விறகு அடுப்பில் வொஸ் பியர்: 20 லிட்டருக்கு முழுமையான வழிகாட்டி

நார்வேயின் பெர்கன் நகரிலிருந்து கிழக்கே ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் வொஸ் வந்துவிடும். ஏரிக்கரையும் மலைச்சரிவுமாகக் கிடக்கும் அந்தப் பகுதியின் பண்ணை வீடுகளில் பியர் போடும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக அறுந்துபோகாமல் வந்திருக்கிறது. குலாதிங் என்ற பழைய மேற்கு நார்வேச் சட்டம், கிறிஸ்துமஸுக்குப் பியர் போடாத விவசாயிக்கு அபராதமே விதித்தது. செம்புக் கொப்பரை, அடியில் விறகு, தண்ணீரில் ஜூனிப்பர் என்ற ஊசியிலைப் புதரின் கிளை, நாலு மணி நேரக் கொதி, கறந்த பால் சூட்டில் ஈஸ்ட்: வொஸ் முறையின் எலும்புக்கூடு இதுதான்.

விறகில் பியர் போட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கேஸ் அடுப்புக்கு எழுதிய குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு விறகோடு மல்லுக்கட்டுகிறார்கள். 65 டிகிரியில் அரை மணி, 72 டிகிரியில் கால் மணி என்றெல்லாம் கொள்ளியை இழுத்தும் தள்ளியும் பிடிக்கவே முடியாது. வொஸ் முறை விறகு நெருப்போடு சேர்ந்தே வளர்ந்தது. அதில் நெருப்புக்கு இரண்டே வேலைகள். ஒன்று தண்ணீரைச் சுட வைப்பது, இன்னொன்று, மால்ட்டை (முளைகட்டிக் காயவைத்த பார்லி) வெந்நீரில் ஊறவைத்து வடித்த சாற்றைக் கொதிக்க வைப்பது. டிகிரி கணக்குப் பார்க்க வேண்டிய வேலையெல்லாம் அடுப்புக்கு வெளியே, போர்த்தி மூடிய தொட்டியில் நடக்கிறது. இந்தப் பிரிவினையை விடாமல் கடைப்பிடித்தால் விறகு அடுப்பு கைக்கு அடங்கும்.

முதலில் சட்டம்

நார்வேயில் சொந்தக் குடிப்புக்கு வீட்டில் பியர் போடலாம். காய்ச்சி வடிப்பதுதான் குற்றம். பிரிட்டனில் வீட்டு பியருக்கு உரிமம் வாங்க வேண்டிய கட்டாயம் 1963-இல் நீங்கியது. தமிழ்நாட்டில் நிலைமை வேறு: 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், பியரும் அதில் அடக்கம். இலங்கையிலும் உரிமம் இல்லாமல் முடியாது. நார்வேயில் இருக்கும் ஈழத் தமிழர்கள் உட்பட, சட்டம் இடம் கொடுக்கும் நாடுகளில் வாழ்கிறவர்களுக்கே இந்தச் செய்முறை. முடிவில் கிடைப்பது 8 சதவீதம் ஆல்கஹால் உள்ள பியர். கடையில் விற்கும் சாதாரண பியரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல் வீரியம், அந்தக் கணக்கில் குடிக்க வேண்டியது.

அடுப்பும் விறகும்

வொஸ் பக்கத்துப் பண்ணைகளில் இதற்கென்றே வீட்டைவிட்டுத் தள்ளி ஒரு நெருப்புக் கொட்டகை இருக்கும். அதற்கு வலுவான காரணம் உண்டு. நாலு மணி நேரத்தில் 11 லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகிறது. வீட்டுக்குள் என்றால் அது முழுவதும் சுவரிலும் கூரையிலும்தான் இறங்கும். ஆகவே வெளியே, மழை படாத கூரையடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுப்பு நம் கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பு மாதிரி இருந்தால் போதும். மூன்று பக்கம் செங்கல், முன்னால் விறகு வாய், பின்னால் புகை போக ஒரு சந்து. கொப்பரையின் அடிக்கும் தரைக்கும் நடுவே 25 முதல் 30 சென்டிமீட்டர் இருக்கட்டும். பக்கச் சுவருக்கும் கொப்பரைக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி விட்டால் தீ பாத்திரத்தைச் சுற்றித் தழுவி ஏறும். விறகு பாதியாகக் குறையும். ஈரம் ஒளிந்திருக்கும் ஆற்றுக் கல்லை மட்டும் அடுப்புக்கு வைக்காதீர்கள், சூட்டில் வெடித்துச் சிதறும்.

வீட்டுக்குள் இருக்கும் இரும்புச் சமையல் அடுப்பில்தான் செய்ய முடியும் என்றால் எல்லா அளவையும் பாதியாக்கி 10 லிட்டரோடு நிறுத்துங்கள். மேல் தட்டின் வளையங்களைக் கழற்றி, பாத்திரத்தின் அடி நேராகத் தீயில் படும்படி வையுங்கள். ஜன்னல் திறந்தே இருக்கட்டும். தணல் கனிந்துகொண்டிருக்கும்போது புகைபோக்கியின் கதவை அடைக்கவே கூடாது. சுடர் அடங்கிய தணலிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு அதிகம் வரும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. அறையில் அதற்கான அலாரம் ஒன்று மாட்டாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

விறகு எவ்வளவு வேண்டும்? கணக்கு எளிது. 42 லிட்டர் குளிர்ந்த தண்ணீரை 78 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 3.4 கிலோவாட் மணி. சாற்றைக் கொதிநிலைக்கு ஏற்ற 1.3. பதினோரு லிட்டரை ஆவியாக்க ஏறத்தாழ 7. ஆக மொத்தம் 12-க்குக் கொஞ்சம் குறைவு. நன்றாகக் காய்ந்த பிர்ச் விறகு கிலோவுக்கு நாலு கிலோவாட் மணிக்குச் சற்று மேல் தரும், ஆனால் அதில் கால் பங்குதான் பாத்திரத்துக்குள் போய்ச் சேரும். சுவர் கட்டிய அடுப்பில் 12 முதல் 15 கிலோ விறகு ஆகும். திறந்த மூன்று கல் அடுப்பில் அதுபோல் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிர்ச் நின்று எரியும். பைன், ஸ்ப்ரூஸ் போன்ற பிசின் மரங்கள் படபடவென்று எரிந்து பொறியும் கரியும் கக்கும். தீ மூட்டவும், கொதி தளரும்போது சட்டென்று எழுப்பவும் மட்டும் அவை உதவும். விறகைக் கட்டைவிரல் கனத்தில் ஒரு கட்டு, மணிக்கட்டு கனத்தில் ஒரு குவியல் என்று இரண்டாகப் பிளந்து வைத்துக்கொள்ளுங்கள். தடித்த கட்டை உதவாது. போட்டதும் தீ தளரும், பற்றிக்கொண்ட பிறகு நினைத்தாலும் அடங்காது. பழைய பலகை, பெயின்ட் அடித்த மரம், ஒட்டுப்பலகை எதுவும் அடுப்புப் பக்கமே வரக் கூடாது.

பாத்திரங்கள்

கொப்பரை 50 லிட்டர் கொள்ள வேண்டும். 32 லிட்டர் சாற்றுக்கு 35 லிட்டர் பாத்திரம் எடுத்தால் முதல் கொதியிலேயே பொங்கி அடுப்பை அணைத்துவிடும். அடி கனமான எவர்சில்வர் நல்லது. மெல்லிய எவர்சில்வர் சூட்டைப் பரப்பாது. சுடர் படுகிற இடத்தில் சாறு கருகிப் பிடிக்கும், அந்தத் தீய்ந்த வாடை பியரிலிருந்து கடைசிவரை போகாது. செம்பு என்றால் உள்பக்கம் பளபளவென்று இருக்க வேண்டும். பச்சைக் களிம்பு ஒரு பொட்டு இருந்தாலும் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். ஈயம் பூசிய பாத்திரத்தைத் தண்ணீர் இல்லாமல் தீயில் விடாதீர்கள், பூசும் வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். துத்தநாகப் பூச்சுள்ள இரும்பு வாளி வேண்டவே வேண்டாம். சாறு புளிப்புத் தன்மை உள்ளது, துத்தநாகத்தைக் கரைத்துக்கொள்ளும்.

பாத்திரத்தின் வெளிப்புறத்தில் சாம்பலைக் குழைத்தோ மண் குழைத்தோ பூசிவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். நம் வீடுகளில் பெரிய அண்டாவுக்குச் செய்கிற அதே வேலைதான். கரி அந்தப் பூச்சின் மேலேயே பிடிக்கும், கழுவும்போது பூச்சோடு வந்துவிடும்.

மற்றவை: அடியில் குழாய் பொருத்திய 40 லிட்டர் ஐஸ் பெட்டி அல்லது மரத்தொட்டி (மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் மாஷ் தொட்டி), 20 லிட்டர் வாளி இரண்டு, மூடியும் காற்றுப்பூட்டும் (உள்ளே உண்டாகும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத அடைப்பு) உள்ள 30 லிட்டர் உணவுத்தரப் பிளாஸ்டிக் வாளி (நொதி வாளி), ஹைட்ரோமீட்டர் (தண்ணீரை 1.000 என்று வைத்துச் சாற்றின் அடர்த்தியைக் காட்டும் கருவி), நீளக் காம்புள்ள தெர்மாமீட்டர், நீண்ட மர அகப்பை, தோலால் ஆன வெல்டிங் கையுறை, 8 முதல் 10 மீட்டர் செம்புக் குழாயைச் சுருட்டிய குளிர்விப்பான். தெர்மாமீட்டரை முந்தின நாளே கொதிக்கும் தண்ணீரில் வைத்துச் சரிபாருங்கள். அது இரண்டு டிகிரி பொய் சொன்னால் பியரின் சுவையே மாறிப்போகும்.

சாமான்கள்

பில்ஸ்னர் மால்ட், உடைத்தது: 8 கிலோ
தண்ணீர், குளோரின் இல்லாதது: 42 லிட்டர்
ஜூனிப்பர் இளங்கிளை: 700 கிராம்
சாஸ் வகை ஹாப்ஸ் (பியருக்குக் கசப்புத் தரும் பூ), கசப்பின் அளவான ஆல்ஃபா அமிலம் 3.5 சதவீதம் அளவில்: 40 கிராம்
வொஸ் க்வைக் (நார்வேப் பண்ணை ஈஸ்ட்): 11 கிராம் பொட்டலம் ஒன்று, அல்லது முந்தைய பியரின் ஈஸ்ட் மண்டி ஒரு தேக்கரண்டி
சர்க்கரை, பாட்டிலில் போட: 100 கிராம்

மால்ட்டை மாவாக அரைக்கக் கூடாது. பருப்பு இரண்டாக உடைவது போல் உள்ளே நொறுங்கி, வெளி உமி முழுசாக நிற்க வேண்டும். அந்த உமிதான் பிறகு வடிகட்டி. கையில் அள்ளிப் பார்த்தால் ஒரு முழு மணியும் தெரியக் கூடாது, தூசியும் பறக்கக் கூடாது.

ஜூனிப்பர் விஷயத்தில் கவனம். வேண்டியது சாதாரண ஜூனிப்பர். அதன் ஊசியிலைகள் குத்தும், மூன்று மூன்றாகச் சேர்ந்து முளைத்திருக்கும். செதில் செதிலான இலையுள்ள சவின் வகை ஜூனிப்பர் நஞ்சு. தட்டையான, குத்தாத ஊசிகளும் சிவந்த சதைப்பற்றுள்ள பழமும் இருந்தால் அது யூ மரம், உயிரையே எடுத்துவிடும். மரத்தை உறுதியாக அடையாளம் சொல்லத் தெரிந்தவர் கூட இல்லையென்றால் ஜூனிப்பரை விட்டுவிடுங்கள். அது இல்லாமலும் பியர் நன்றாகவே வரும்.

தண்ணீர் சூடேற்றலும் மாஷும்

காலை 7 மணிக்குத் தீ மூட்டினால் மாலை 5, 6 மணிக்கு ஈஸ்ட் போடலாம். இடையில் அடுப்பை விட்டு நகர முடியாது, ஆகவே இரண்டு பேர் தேவை.

கொப்பரையில் 42 லிட்டர் தண்ணீரும் ஜூனிப்பர் கிளைகளும் போட்டுத் தீயை முழு வேகத்தில் விடுங்கள். தண்ணீர் 80 டிகிரியைத் தொட்டதும் கொள்ளியை வெளியே இழுத்துவிட்டு ஒரு மணி நேரம் தணலிலேயே விடுங்கள். தளதளவென்று கொதிக்க விட்டால் பிசின் இறங்கிக் கசக்கும். சரியான பதத்தில் தண்ணீர் லேசான தேநீர் நிறத்துக்கு வந்து, காட்டு வாசனை அடிக்கும். இதற்குள் மாஷ் தொட்டியில் மூன்று லிட்டர் வெந்நீர் ஊற்றி மூடி, பத்து நிமிடம் சூடேற்றிக் கொட்டிவிடுங்கள். குழாய் வாயில் ஜூனிப்பர் கிளை இரண்டைக் குறுக்கே வைத்தால் பழைய பண்ணை வடிகட்டி. எவர்சில்வர் வலை வைத்தாலும் வேலை நடக்கும்.

கொப்பரைத் தண்ணீர் 76 டிகிரிக்கு இறங்கியதும் 22 லிட்டரை மொண்டு தொட்டியில் ஊற்றி, மால்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். கட்டி விழுந்தால் உள்ளே மாவு காய்ந்தபடியே இருக்கும், அந்தச் சர்க்கரை நமக்கு நஷ்டம். எல்லாம் கலந்ததும் 68 டிகிரி காட்ட வேண்டும். இந்தக் கணக்கு மால்ட் 18 டிகிரியில் இருக்கும்போது. குளிர்காலத்தில் கொட்டகையில் கிடந்து 5 டிகிரிக்குப் போன மால்ட் என்றால் தண்ணீர் 77 அல்லது 78 டிகிரி வேண்டும்.

68 ஏன்? மால்ட்டிலுள்ள நொதிகளில் (என்சைம்) ஒன்று 60 முதல் 65 டிகிரியில் சுறுசுறுப்பாக இருந்து, ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரையைத் தரும். இன்னொன்று 70-ஐ ஒட்டி வேலை செய்து, ஈஸ்டுக்கு எட்டாத கனமான சர்க்கரையையும் விட்டுவைக்கும். 68-இல் இரண்டும் வேலை செய்வதால் வீரியமும் கிடைக்கும், நாக்கில் உடம்பும் கிடைக்கும். 66-க்குக் கீழே வந்தால் இரண்டு லிட்டர் கொதிநீர் ஊற்றிக் கிளறலாம். 72-க்கு மேலே போய்விட்டால் உடனே குளிர்ந்த தண்ணீர் விட்டு இறக்குங்கள், ஏனென்றால் 75-ஐத் தாண்டினால் நொதிகள் அழிந்துவிடும், பிறகு எதுவும் செய்ய முடியாது. மாஷைக் கொப்பரையிலேயே போட்டு அடியில் தீ வைப்பவர்கள் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள்: மேலே தெர்மாமீட்டர் 66 காட்டும்போது அடியில் 85 இருக்கும், கூடவே அடிப்பிடிக்கும்.

மூடிப் போர்வை போர்த்தி 90 நிமிடம் விடுங்கள். முடிவில் ஒரு சொட்டுச் சாற்றை வெள்ளைத் தட்டில் விட்டு அயோடின் ஒரு சொட்டு சேர்த்துப் பாருங்கள். பழுப்பாகவே நின்றால் மாவுச்சத்து தீர்ந்தது. கருநீலமானால் இன்னும் அரை மணி வேண்டும். தட்டில் எடுத்ததைத் திரும்ப ஊற்றக் கூடாது.

வடித்தல்

குழாயை விரல் கனத்துக்குத் திறந்து, முதலில் வரும் கலங்கல் மூன்று நாலு லிட்டரை மெதுவாக மேலேயே திரும்ப ஊற்றுங்கள். உமி படுக்கையாக அமைந்ததும் சாறு தெளிந்து வரும். கொப்பரையில் மீதமிருக்கும் ஜூனிப்பர் தண்ணீரைச் சிறு தீயில் 78 டிகிரிக்கு ஏற்றி, வாளிக்கு மாற்றி, உமிப் படுக்கை வெளியே தெரியாத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஊற்றிக்கொண்டே வாருங்கள். 80-ஐத் தாண்டிய தண்ணீர் உமியிலிருந்து துவர்ப்பை இழுத்துவிடும்.

இங்கே ஒரு சின்ன இடறல் உண்டு. தண்ணீரை வாளிக்கு மாற்றியதும் கொப்பரை வெறும் பாத்திரமாகத் தணலின் மேல் நிற்கும். அதற்கு முன்பே கொள்ளியை இழுத்துவிட்டு, மற்றொரு வாளியில் சேர்ந்திருக்கும் சாற்றை உடனே கொப்பரையில் கொட்டிவிடுங்கள்.

மொத்தம் 32 லிட்டர் சாறு சேர ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். அவசரப்பட்டுக் குழாயை முழுசாகத் திறந்தால் படுக்கை இறுகி ஓட்டம் நின்றுவிடும். நின்றால் குழாயை மூடி, மேலாகக் கிளறி, கால் மணி நேரம் அமர விட்டுத் திரும்பத் தொடங்குங்கள். சாற்றின் ஒரு குவளையை 20 டிகிரிக்கு ஆறவைத்து ஹைட்ரோமீட்டர் விட்டால் 1.049 பக்கம் காட்ட வேண்டும். சூடான சாற்றில் அளந்தால் கணக்குத் தப்பும். 40 டிகிரியிலேயே உண்மையைவிட 0.006 அளவுக்குக் குறைத்துக் காட்டும்.

சக்கையை மாட்டுக்கோ கோழிக்கோ அன்றைக்கே கொடுத்துவிடுங்கள், மறுநாள் புளித்துவிடும். கொதிக்குப் பிறகு மிஞ்சும் ஹாப்ஸ் சக்கையை நாய் எட்டாத இடத்தில் புதையுங்கள். நாய்க்கு அது விஷம்.

நாலு மணி நேரக் கொதி

வொஸ் பியரின் சிவந்த நிறமும் கேரமல் சாயலும் கருத்த மால்ட்டால் வருவதில்லை. வெளிறிய மால்ட்தான், நீண்ட கொதியில் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து நிறம் ஏறுகிறது, கூடவே சாறு சுண்டுகிறது. பால்கோவா கிளறும்போது பால் நிறம் மாறுவதும் இதே வினைதான். ஆகவே நேரத்தைக் குறைத்துவிட்டுக் கருத்த மால்ட் போட்டு ஒப்பேற்றினால் அது வேறு பியர்.

சாறு 95 டிகிரியை நெருங்கும்போது மேலே பழுப்பு நுரை திரளும். பொங்கி வழியும் ஆபத்து அடுத்த 15, 20 நிமிடங்களில்தான். எரிவதை இழுத்தால் கொதிப்பது அடங்கும் என்பது பழமொழி மட்டுமல்ல, இந்த அடுப்புக்கு அது செய்முறை. நுரை விளிம்புக்கு நாலு விரல் கீழே வரும்போதே இரண்டு கொள்ளிகளை வெளியே இழுத்துவிடுங்கள். விளிம்புக்கு வந்த பிறகு இழுத்தால் செங்கலிலிருக்கும் சூடே பொங்க வைத்துவிடும். பக்கத்தில் ஒரு சொம்பு குளிர்ந்த தண்ணீர் இருக்கட்டும், ஒரு கை தெளித்தால் நுரை அமரும். திரண்ட நுரையை அகப்பையால் எடுத்துவிடலாம். சற்று நேரத்தில் நுரை உடைந்து, சாற்றில் முட்டைத் துணுக்கு போலப் புரதத் திரளைகள் சுழலும். அதன்பிறகு கொதி சாதுவாகிவிடும்.

இனி சீரான தீ. எட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணிக்கட்டு கனத்தில் இரண்டு துண்டுகள், அவ்வளவுதான். மேற்பரப்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் உருண்டு புரள வேண்டும், துள்ளித் தெறிக்க வேண்டாம். மூடி போட வேண்டாம். மூடினால் வேகவைத்த சோளம் போன்ற ஒரு வாடை ஆவியோடு வெளியேறாமல் திரும்பச் சொட்டும், பொங்கவும் செய்யும். காற்று புகையைக் கொப்பரைப் பக்கம் திருப்பினால் காற்று வரும் பக்கம் ஒரு தகரம் நிறுத்துங்கள். திறந்த சாறு புகையை வாங்கிக்கொள்ளும். அரை மணிக்கு ஒருமுறை அடியை அகப்பையால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் நல்லது, சொரசொரப்பாகப் பட்டால் அடிப்பிடிக்கத் தொடங்கியிருக்கிறது, தீயைப் பரப்பிக் குறையுங்கள்.

சுண்டும் கணக்குக்கு அகப்பைக் காம்பில் 32, 26, 21 லிட்டர் மட்டங்களை முன்கூட்டியே தண்ணீர் ஊற்றி அளந்து கத்தியால் கீறி வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் 26-க்கு வந்திருக்க வேண்டும். மூன்றாம் மணி முடிந்ததும் ஹாப்ஸைத் துணிப்பையில் கட்டிப் போடுங்கள். இந்த பியரில் ஹாப்ஸ் முன்னால் வந்து நிற்காது. தித்திப்பைக் கொஞ்சம் கட்டிப்போடுவதோடு சரி. நாலாம் மணி முடிவில் சூடாக 21 லிட்டர். ஆறினால் 20-ஐ ஒட்டி நிற்கும், அடர்த்தி 1.075 முதல் 1.080. அதிகம் சுண்டியிருந்தால் கொதிநீர் சேர்க்கலாம். சுண்டாமல் இருந்தால் இன்னும் கொதிக்க விடுங்கள்.

ஆறவைத்து ஈஸ்ட் போடுதல்

கொதி முடிய பத்து நிமிடம் இருக்கும்போது செம்புச் சுருளைச் சாற்றுக்குள் இறக்குங்கள், அதுவே அதைக் கிருமி நீக்கிவிடும். பிறகு விறகோடு தணலையும் மண்வெட்டியால் வாரி வெளியே எடுங்கள். தணல் இருக்கும்வரை எவ்வளவு தண்ணீர் ஓட்டினாலும் சாறு ஆறாது. சாம்பல் பறக்காதபடி வேலை செய்ய வேண்டும், மேலே சுத்தமான துணி ஒன்றைப் போர்த்திவிடுங்கள். 21 லிட்டர் கொதிசாற்றைத் தூக்கி நடக்க எண்ண வேண்டாம். ஆற வேண்டியது நின்ற இடத்திலேயே.

இந்த நிமிடத்திலிருந்து சாற்றில் படும் எல்லாமே கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். ஸ்டார் சான் என்ற கிருமிநீக்கிக் கரைசல் என்றால் லிட்டருக்கு ஒன்றரை மில்லி.

39 டிகிரியில் நிறுத்துங்கள். மற்ற பியர் ஈஸ்டுகளை இந்தச் சூட்டில் போட்டால் பெயின்ட் தின்னர் வாடை வரும். க்வைக் அப்படியல்ல. பண்ணைக்காரர்கள் நூற்றாண்டுகளாக வெதுவெதுப்பான சாற்றில் போட்டு, உலர்த்தி வைத்து, மீண்டும் போட்டுப் பழக்கிய ஈஸ்ட் இது. பியர் ஈஸ்டுகளில் இவை தனிக் கிளை என்று 2018-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. வொஸ் க்வைக் இந்தச் சூட்டில் ஆரஞ்சுத் தோலின் மணத்தைத் தரும். தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் இந்தச் சூட்டுக்குப் பால் வெதுவெதுப்பு என்றே பெயர். மாட்டுக் கொட்டில் உள்ள வீட்டில் அதைவிடத் துல்லியமான அளவுகோல் கிடையாது.

ஆனால் தயிருக்கு உறை ஊற்றுகிற சூடும் இதுதான். புளிக்க வைக்கும் பாக்டீரியாவுக்கு 39 டிகிரி சாறு விருந்துச் சாப்பாடு. ஆகவே சாற்றை நொதி வாளிக்கு உயரத்திலிருந்து ஊற்றி, நுரை எழக் கலக்கிக் காற்றேற்றி, ஐந்து நிமிடத்துக்குள் ஈஸ்டைப் போட்டுவிடுங்கள். இரவு ஆறட்டும், காலையில் போடலாம் என்று விட்டால் ஈஸ்டுக்கு முன் பாக்டீரியா பந்தியில் உட்கார்ந்துவிடும்.

வாளியை மூடிக் காற்றுப்பூட்டு மாட்டி, கம்பளியால் சுற்றி, அணைந்த அடுப்பின் வெதுவெதுப்பான சுவரோரம் வையுங்கள். மேலே கால் பங்கு இடம் காலியாக இருக்கட்டும். மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் குமிழி தொடங்கும். நொதிக்கும்போது ஈஸ்ட் தானே சூட்டை உண்டாக்கும், 42-ஐத் தாண்டினால் கம்பளியைத் தளர்த்துங்கள். சூடு 30-க்குக் கீழே இறங்கினால் வேலை மந்தமாகும், சில நேரம் பாதியில் படுத்துவிடும். படுத்தால் வாளியை 38 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைத்து மெதுவாகச் சுழற்றிவிடுங்கள், பெரும்பாலும் எழுந்துவிடும்.

பாட்டில்

இரண்டு மூன்று நாளில் ஆரவாரம் அடங்கும். காற்றுப்பூட்டை நம்பாதீர்கள், ஹைட்ரோமீட்டரைக் கேளுங்கள். 1.015 முதல் 1.019-க்குள் ஓர் எண் வந்து, 24 மணி நேர இடைவெளியில் இருமுறை மாறாமல் நின்றால்தான் நொதிப்பு முடிந்தது. முடியாத பியரைப் பாட்டிலில் அடைத்தால் பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில்லு விளையாட்டல்ல. முதல் முறைக்குக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில்களே போதும், அமுக்கிப் பார்த்து அழுத்தத்தை அறியலாம்.

100 கிராம் சர்க்கரையை ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்க வைத்து ஆற்றி, அடிமண்டி கலையாமல் வேறு வாளிக்கு மாற்றிய பியரில் கலந்து அடையுங்கள். வெதுவெதுப்பாக நொதித்த பியரில் தங்கும் வாயு மிகக் குறைவு, ஆகவே லிட்டருக்கு ஐந்து கிராம் போட்டாலும் மென்மையான குமிழிதான் வரும். வொஸ் பியர் அப்படித்தான் இருக்க வேண்டும்; பொங்கித் தெறித்தால் ஆரஞ்சு மணமும் ஜூனிப்பரும் மறைந்துவிடும். 25 டிகிரிக்கு மேல் ஒரு வாரம் வைத்துவிட்டு, 10 முதல் 13 டிகிரி குளிர்ச்சிக்கு மாற்றுங்கள்.

ஈஸ்டைச் சேமித்தல்

வாளி அடியில் தங்கிய வெளிர் நிற மண்டியில் அடுத்த இருபது பியருக்கு வேண்டியது இருக்கிறது. பழைய பண்ணைகளில் மரத்துண்டுகளைக் கோத்த வளையத்தை ஈஸ்டில் தோய்த்து, தூசி படாத உயரத்தில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். மரத்துண்டுகளின் இடுக்குகளில் ஈஸ்ட் ஒட்டி, அடுத்த பண்டிகைவரை உயிரோடு கிடக்கும். வீட்டில் செய்ய, மண்டியைப் பேக்கிங் காகிதத்தில் காகிதம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகத் தடவி, 30 முதல் 35 டிகிரியில், ஈரக்காற்று படாமல் ஒரு நாள் காயவிடுங்கள். தடித்துத் தடவினால் உள்ளே ஈரம் நின்று கெட்டுப்போகும். காய்ந்தது அப்பளம் போல் நொறுங்கும், மணத்தால் ரொட்டியை நினைவூட்டும். பாலாடைக்கட்டி வாடையோ வினிகர் வாடையோ அடித்தால் கொட்டிவிடுங்கள். நல்லதைக் காற்றுப்புகாத பையில் போட்டு, தேதி எழுதி ஃப்ரீசரில் வையுங்கள். அடுத்த முறை இரண்டு கிராம் செதிலை, கொதிக்க வைத்து 37 டிகிரிக்கு ஆற்றிய அரை லிட்டர் சாற்றில், சாறு வடிக்கும்போதே எழுப்பிவிட்டால், மாலையில் கொப்பரை ஆறும் நேரத்துக்கு அது நுரைத்துக் காத்திருக்கும்.